கூட சீட் எடுத்த கட்சிக்கு ஏன் கதிர கிடைக்கல்ல? உடைஞ்ச சபையும் கட்சித் தலைமையும்

2025 மே 6ல உள்ளூராட்சித் தேர்தல் முடிஞ்சு ஜூன்ல சபைகள் கூடத் தொடங்கினதிலேர்ந்து மட்டக்களப்பு, அம்பாறப் பக்கம் திரும்பத் திரும்ப கேக்கிற கேள்வி இதுதான்: நாங்க வோட்டுப் போட்ட கட்சிதானே கூட சீட் எடுத்திச்சு, பிறகெப்படி வேற ஆள் தவிசாளர் (சபைத் தலைவர்)? மேடைல ஆளையாள் கிழிச்சவங்க சபைக்குள்ள எப்படி ஒரே பக்கம் கைய உயர்த்துறாங்க? சில இடத்துல குலுக்கல்ல தலைவரத் தெரிவு செய்ற அளவுக்கு ஏன் போகுது? பார்லிமென்ட்டப் பொறுத்தவரைக்கும் இந்தக் கேள்வி இப்ப பெரிசா இல்ல, ஏனெண்டா 2024 நவம்பர்ல தேசிய மக்கள் சக்தி 225ல 159 எடுத்திட்டு, அங்க ஆர்ட கையையும் பிடிக்கத் தேவையில்ல. பிரச்சின கீழ்மட்டத்துலதான், அதிலும் மூண்டு சமூகமும் கலந்து இரிக்கிற கிழக்குல கூட.

முதல்ல கணக்கு: பெரிய கட்சி வேற, பெரும்பான்மை வேற

மத்தவன விட ஒரு சீட் கூட எடுத்தா பெரிய கட்சி. மொத்த சீட்டுல பாதியத் தாண்டினாத்தான் பெரும்பான்மை. பார்லிமென்ட்டுக்கு 113, கிழக்கு மாகாண சபைல இரிந்த 37 சீட்டுக்கு 19. இந்த எண்ணிக்கைய ஒருத்தரும் தொடாத சபையத்தான் தொங்கு சபை எண்டு சொல்றது. தொங்கு சபைல முதலாவதா வந்தவருக்கு இரிக்கிறது பேச்சு தொடங்கிறதுக்கு ஒரு நல்ல இடம், அவ்வளவுதான். கதிரைக்கு உரிமை எண்டு ஒண்டும் இல்ல.

உள்ளூராட்சி சபைல, ஒரு கட்சி தனியப் பாதியத் தாண்டினா மேயர் ஆரு, தவிசாளர் ஆரு எண்டு அந்தக் கட்சியே பேர் குடுக்கும், வாக்கெடுப்பு இல்ல. தாண்டல்லயெண்டா உள்ளூராட்சி ஆணையாளர் முதல் கூட்டத்துக்கு வந்து தலைமை தாங்கி மெம்பர்மார்ட வோட்டெடுப்பார். வோட்டு சமனா வந்தா திருவுளச்சீட்டு. ஆக குலுக்கல் எண்டது ஏமாத்து வேலையில்ல, சட்டத்துல உள்ளதுதான்.

சபை ஏன் இப்பிடி உடையுது

2018 பெப்ரவரி 10ல நடந்த தேர்தல்லேர்ந்து கலப்பு முறை. 60 வீதம் வட்டாரத்துல நேரடியா, 40 வீதம் பட்டியல்ல. கனபேர் நினைக்கிறது வட்டாரத்தக் கூட வெண்டா சபையும் கைக்கு வரும் எண்டு. அப்பிடியில்ல. ஒரு கட்சிக்கு மொத்த சீட்டுல எவ்வளவு உரித்து எண்டத தீர்மானிக்கிறது அந்த சபை எல்லைக்குள்ள அது எடுத்த மொத்த வோட்டு.

ஒரு உதாரணம். 20 சீட் சபை, 12 வட்டாரம். ஒரு கட்சி 40 வீத வோட்டு எடுத்தா அதுக்கு உரித்து 8 சீட். அது 7 வட்டாரம் வெண்டா பட்டியல்ல ஒண்டு மட்டும் கிடைக்கும், மிச்சப் பட்டியல் சீட்டெல்லாம் வட்டாரத்துல தோத்த சின்னக் கட்சிகளுக்கும் சுயேச்சைக் குழுக்களுக்கும் போகும். அதே கட்சி 9 வட்டாரம் வெண்டா? ஒம்பதும் அதுக்குத்தான், ஆனா சபை 20லேர்ந்து 21ஆ வீங்கும். 12 வட்டாரத்துல 9 வெண்டும் 21ல 9தான், பெரும்பான்மைக்கு 11 வேணும். ஊர் முழுக்க வெண்ட மாதிரி வெடி கொளுத்திட்டு சபைக்குள்ள போய் மத்தவன்ட முகத்தப் பாக்கிற நிலைமை வாறது இதாலதான்.

இதோட கிழக்குட தரையமைப்பையும் சேத்துப் பாக்கணும். எழுவான்கரைல (மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கால, கடலோரப் பக்கம்) தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒண்டு விட்டு ஒண்டு, அம்பாறைல சிங்களக் குடியேற்றமும் சேரும். ஒவ்வொரு சமூகத்துக்குள்ளயும் ரெண்டு மூண்டு கட்சி. ஒரு கட்சி தனிய 50ஐத் தாண்டுறது எண்டா மத்த சமூகத்துட வோட்டையும் எடுக்கணும், அல்லது தன்ட சமூகத்த முழுசாக் கட்டி வைக்கணும். ரெண்டும் லேசில்ல. 2020 பொதுத் தேர்தல்ல அம்பாறைல தமிழ் வோட்டு ரெண்டாப் பிரிஞ்சு ஒரு தமிழ் எம்பியும் வரல்ல, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு (தமிழரசுக் கட்சி தலைமைல இரிந்த கூட்டு) கடைசில தேசியப்பட்டியல் சீட்டத்தான் அந்த மாவட்டத்துக்குக் குடுத்திச்சு.

2012: படிச்சுப் பாக்க வேண்டிய ஒரு கணக்கு

2012 செப்டம்பர் 8ல நடந்த கிழக்கு மாகாண சபைத் தேர்தல விட நல்ல உதாரணம் இதுக்கு இல்ல. முடிவு இது: ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு (அப்ப ஆட்சில இரிந்த மகிந்த ராஜபக்சட கூட்டணி, வெற்றிலைச் சின்னம்) 14, தமிழரசுக் கட்சி 11, முஸ்லிம் காங்கிரஸ் 7, யூஎன்பி (ஐக்கிய தேசியக் கட்சி) 4, தேசிய சுதந்திர முன்னணி 1.

வெற்றிலைட 14ல 2 சீட் போனஸ். முதலாவதா வாற கட்சிக்கு மாகாண மட்டத்துல 2 சும்மா கிடைக்கும். வெற்றிலைக்கும் தமிழரசுக்கும் இடைல இரிந்த வித்தியாசம் 6000 சொச்சம் வோட்டுத்தான். அந்த ஆறாயிரம் மற்றப் பக்கம் விழுந்திரிந்தா ரெண்டு போனஸும் தமிழரசுக்கு, அப்ப அது 13, வெற்றிலை 12. தேர்தலண்டு வீட்டுல இரிந்த ஆக்களுக்கு இந்தக் கணக்கு அப்ப விளங்கியிருக்காது.

சரி, 19 வேணும். என்ன என்ன வழி இரிந்திச்சு?

1. வெற்றிலை 14 + முஸ்லிம் காங்கிரஸ் 7 = 21. லேசான வழி.
2. தமிழரசு 11 + முஸ்லிம் காங்கிரஸ் 7 = 18. ஒண்டு குறையுது! அந்த ஒண்டுக்காக யூஎன்பியக் கட்டாயம் சேக்கணும், சேத்தா 22.
3. வெற்றிலை 14 + யூஎன்பி 4 + தேசிய சுதந்திர முன்னணி 1 = சரியா 19. கணக்குல வரும், ஆனா கொழும்புல பிரதான எதிர்க்கட்சியா இரிந்த யூஎன்பி மகிந்தட ஆக்கள இங்க கதிரைல ஏத்துறது நடக்கிற காரியமில்ல.
4. வெற்றிலை + தமிழரசு = 25. இத ஒருத்தரும் வாயால கூடச் சொல்லல்ல, யுத்தம் முடிஞ்சு மூண்டு வருசம்.

மூண்டாவதையும் நாலாவதையும் தள்ளிட்டா மிச்சம் இரிக்கிற ரெண்டு வழியிலயும் முஸ்லிம் காங்கிரஸ் நிக்குது. மூண்டாவதா வந்த கட்சி, 7 சீட், ஆனா சாவி அவங்கட கைல. சீட் எண்ணிக்கையும் பலமும் ஒண்டில்ல எண்டு சொல்றது இதத்தான். உன்ன விட்டிட்டு ஆட்சி அமைக்க ஏலுமா ஏலாதா எண்டதுதான் உன்ட பெறுமதி.

அப்ப முஸ்லிம் காங்கிரஸ் ஏன் முதலாவது வழியப் பிடிச்சுது? இங்கதான் கட்சித் தலைமை வருது. முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீம் அந்த நேரம் மகிந்த அரசாங்கத்துல நீதி அமைச்சர். மாகாணத் தேர்தல்ல மரச் சின்னத்துல தனியக் கேட்டாலும் கொழும்புல அரசாங்கத்துக்குள்ளதான் இரிந்தாங்க. தமிழரசோட போறதெண்டா மாகாணத்துல ஒரு கதிர வரும், கொழும்புல உள்ளது போகும், கட்சி எம்பிமார்ல எத்தின பேர் தலைவரோட வெளில வருவாங்க எண்டதும் சந்தேகம். கிழக்குல எடுக்க வேண்டிய முடிவு கொழும்புக் கணக்குல எடுபட்டிச்சு. இதத் துரோகம் எண்டு சொல்றவங்களும் இரிக்காங்க, புத்தி எண்டு சொல்றவங்களும் இரிக்காங்க. என்னப் பொறுத்தவரைக்கும் அது தன்ட ஆக்கள் சிதறிப் போவாங்க எண்டு பயந்த ஒரு தலைமைட முடிவு. செப்டம்பர் 18ல வெற்றிலைட நஜீப் ஏ. மஜீத் முதலமைச்சரானார். பாதிக் காலம் உங்களுக்கு, பாதிக் காலம் எங்களுக்கு எண்ட பேச்சும் அப்பவே வெளில அடிபட்டிச்சு.

ஆளுநர் என்ன செய்வார்

அரசியலமைப்புட 154எஃப் உறுப்புரை ரெண்டு விசயம் சொல்லுது. ஒரு கட்சி பாதிக்கு மேல எடுத்தா அந்தக் கட்சிட சபைத் தலைவரத்தான் ஆளுநர் முதலமைச்சரா நியமிக்கணும். ஒருத்தரும் எடுக்கல்லயெண்டா, பெரும்பான்மை மெம்பர்மார்ட ஆதரவு ஆருக்கு இரிக்கு எண்டு ஆளுநருக்குப் படுதோ அவர. முதலமைச்சரோட இன்னும் நாலு அமைச்சர்மார், அதுக்கு மேல ஏலா. அதாவது பங்கு வைக்க மொத்தம் அஞ்சு கதிரதான், பேரம் சூடாகிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

பாதிய எடுத்தாலும் சண்டை வராது எண்டில்ல. 2008 மே 10 தேர்தல்ல வெற்றிலை 37ல 20 எடுத்திச்சு, தெளிவான பெரும்பான்மை. ஆனா கட்சிட சபைத் தலைவர் ஆரு? டிஎம்விபிட (தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சி) பிள்ளையானா, அதே வெற்றிலைல வெண்ட முஸ்லிம் அரசியல்வாதி ஹிஸ்புல்லாவா? சட்டம் தலைவர நியமி எண்டு சொல்லுதே தவிர, அந்தத் தலைவர எப்பிடித் தெரிவு செய்றது எண்டு சொல்லல்ல. அத முடிச்சது கொழும்பு. பிள்ளையான் முதலமைச்சர், ஹிஸ்புல்லா மாகாண சுகாதார அமைச்சர்.

2015: பதினொண்டு ஏழுக்கு விட்டுக்குடுத்த கதை

2015 ஜனவரி 8 ஜனாதிபதித் தேர்தல்ல மகிந்த தோத்த உடன கிழக்குல கணக்கு தலைகீழாச்சு. சபைல ஒரு சீட்டும் மாறல்ல, அதே 37 பேர், ஆனா கொழும்புல காத்து மாறினதால இங்க ஆக்கள் நகரத் தொடங்கிட்டாங்க. பெப்ரவரி 6ல முஸ்லிம் காங்கிரஸ்ட ஹாபிஸ் நஸீர் அகமட் முதலமைச்சரா சத்தியப்பிரமாணம் எடுத்தார். 11 சீட்டோட இரிந்த தமிழரசு சூடாகினது நியாயம்தான், எங்களுக்கு 11 உங்களுக்கு 7 எண்டா ஆருக்கு வரணும் எண்டு கேட்டாங்க.

ஆனா தமிழரசுக்கு முன்னால இரிந்த வழிகளப் பாருங்க. முஸ்லிம் காங்கிரஸ் இல்லாம 19 சேக்கிறதெண்டா வெற்றிலைல தெரிவானவங்களத்தான் தேடிப் போகணும். எதிர்க்கட்சில இரிந்தா ஜனாதிபதித் தேர்தல்ல ஒரே பக்கம் நிண்ட முஸ்லிம் காங்கிரஸோட கிழக்குல மட்டும் முட்டிட்டு இரிக்கணும். கடைசில மாகாண அமைச்சரவைக்குள்ள போனாங்க, கி. துரைராஜசிங்கத்துக்கு விவசாயம், சி. தண்டாயுதபாணிக்கு கல்வி. தமிழரசும் முஸ்லிம் காங்கிரஸும் ஒண்டா ஒரு மாகாண ஆட்சில இரிந்த அந்தக் காலம் முந்தி இல்லாதது.

கணக்குப்படி அது சரியான விட்டுக்கொடுப்பு. பிழை எங்க எண்டா, அத வோட்டுப் போட்ட ஆக்களுக்கு விளங்கப்படுத்தினவிதம். படுவான்கரைல (வாவிக்கு மேற்கால உள்ள வயல் பக்கம்) இரிக்கிற வேளாண்மக்காரனுக்கு விவசாய அமைச்சு தன்ட ஆளிட கைல இரிக்கிறது சின்ன விசயமில்ல, ஆனா மேடைல பேசினது முழுக்க முதலமைச்சர் போச்சே எண்டதுதான். எடுத்ததச் சொல்லாம இழந்தத மட்டும் சொன்னா சனம் அத தோல்வியாத்தான் கணக்கெடுக்கும், அடுத்த முறை எந்தத் தலைவரும் விட்டுக்கொடுக்கப் பயப்பிடுவார்.

தலைவர் பேசலாம், ஆள் நிப்பானா?

பேரத்துல ஒரு தலைவர்ட கைல இரிக்கிற சரக்கு தன்ட மெம்பர்மார்ட வோட்டு. "என்ட ஏழும் வரும்" எண்டு சொல்லிட்டு அஞ்சு மட்டும் வந்தா அந்தத் தலைவரோட அடுத்த முறை ஒருத்தரும் பேச மாட்டாங்க. தராசுல தவள நிறுக்கிற வேலதான் இது, ஒண்டத் தூக்கி வைக்க மற்றது பாயும். பாயாம வைக்க தலைமைக்கு ரெண்டு வழி: பதவி குடுக்கிறது, அல்லது கட்சிய விட்டுத் தூக்கிறது.

தூக்கினா என்ன நடக்கும்? அரசியலமைப்புட 99(13)படி ஒரு எம்பி தான் கேட்ட கட்சிட உறுப்புரிமைய இழந்தா ஒரு மாசத்துல சீட்டும் போகும். ஆனா அந்த ஒரு மாசத்துக்குள்ள அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம், நீக்கினது பிழை எண்டு கோர்ட் சொன்னா சீட் தப்பும். கட்சிகள் ஒழுங்கா விசாரிக்காம அவசரத்துல தூக்கி கோர்ட்டுல தோத்த கதை நிறைய. அதால கனகாலம் இந்தச் சட்டம் பல்லில்லாத பாம்பு மாதிரித்தான்.

மட்டக்களப்புலயே ரெண்டு உதாரணம் இரிக்கு.

1. 2018 ஒக்டோபர் 26ல ஜனாதிபதி மைத்திரி, பிரதமரா இரிந்த ரணிலத் தூக்கி மகிந்தய பிரதமராக்கினார். ரெண்டு பக்கத்துக்கும் 113 இல்ல, தமிழ்த் தேசியக் கூட்டமைப்புட வோட்டுத்தான் தராசச் சாய்க்கப் போகுது. நவம்பர் 2ல கூட்டமைப்புட மட்டக்களப்பு எம்பி எஸ். வியாழேந்திரன் அந்தப் பக்கம் போய் பிரதி அமைச்சரானார். மிச்சம் 14 பேர் அசையாம நிண்டாங்க, டிசம்பர் 12ல ரணிலுக்கு 117 வோட்டு விழுந்திச்சு. போனவர்ட சீட் போகல்ல, 2020ல மகிந்த தரப்புட மொட்டுக் கட்சில கேட்டு திரும்பவும் வெண்டார்.

2. அதே ஹாபிஸ் நஸீர் அகமட். 2020ல முஸ்லிம் காங்கிரஸ்ல மட்டக்களப்பு எம்பி. அரசியலமைப்புட 20வது திருத்தத்துக்கு தலைவர் ஹக்கீம் எதிரா வோட்டுப் போட, இவரும் இன்னும் மூண்டு கட்சி எம்பிமாரும் ஆதரவா போட்டாங்க. பிறகு 2021 நவம்பர்ல கட்சி முடிவ மீறி பட்ஜெட்டுக்கு ஆதரவு, கட்சி தூக்கிச்சு. 2023 ஒக்டோபர் 6ல உச்ச நீதிமன்றம் நீக்கினது சரி எண்டு சொல்ல, சுற்றாடல் அமைச்சரா இரிந்தவர் ஒரே நாள்ல எம்பியும் இல்ல, அமைச்சரும் இல்ல. அலி ஸாஹிர் மௌலானா அந்த இடத்துக்கு வந்தார். 2024 மே மாசம் நஸீர் வடமேல் மாகாண ஆளுநரானது வேற கதை.

2015ல தலைமைட பேரத்தால முதலமைச்சரானவர் 2023ல தலைமைட கையெழுத்தால சீட் இழந்தார். கட்சித் தலைமைட ரெண்டு பக்கத்தையும் ஒரே ஆளில பாக்கலாம்.

கையெழுத்து எண்டதும் இன்னொண்டு: பேசுறது தலைவர், ஆனா சட்டத்துக்குத் தேவையானது கனக்க இடத்துல கட்சிச் செயலாளர்ட கடிதம்தான். வேட்புமனுவும் அவர்ட கையாலதான், பட்டியல் சீட்டுக்குப் பேர் அனுப்புறதும் அவர்தான். தமிழரசுக் கட்சில 2024 ஜனவரி 21ல தலைவர் தேர்தல் நடந்து சிறீதரன் 184, சுமந்திரன் 137 எண்டு முடிஞ்ச பிறகும் பொதுச்செயலாளர் பதவில சண்டை வந்ததும், விசயம் திருகோணமலை கோர்ட்டுக்குப் போனதும், பதில் தலைவர் பதில் செயலாளரோட கட்சி ஓடுறதும் வெறும் மானப் பிரச்சினையில்ல. ஒரு சபைல ஆரோட சேருறது எண்டு கட்சி முடிவெடுத்தா அத எழுதுற பேனை ஆர்ட கைல எண்ட பிரச்சின.

கைய உயர்த்தவா, பெட்டிக்குள்ள போடவா

சபை முதல்ல கூடுறப்போ வோட்டெடுப்பு பகிரங்கமா, இரகசியமா எண்டுதான் பெரிய இழுபறி நடக்கும். வெளில இரிந்து பாக்கிறவங்களுக்கு இது சின்ன விசயம். இல்ல, முடிவு அங்கேயே பாதி தெரிஞ்சிரும். பகிரங்கமெண்டா கட்சித் தலைமைக்கு லாபம், ஆர் பாய்ஞ்சாங்க எண்டு தெரியும், கடிதம் அனுப்பலாம். இரகசியமெண்டா மெம்பருக்கு லாபம், கட்சிக்கு நெஞ்சில கைய வைச்சு சத்தியம் பண்ணிட்டு வேற பேருக்குப் புள்ளடி போடலாம்.

2025 ஜூன் 16ல கொழும்பு மாநகர சபை: 117 பேர், தேசிய மக்கள் சக்திக்கு 48. மிச்ச எல்லாரும் சேந்தா 69, ஆனா இரகசிய வோட்டுல தேசிய மக்கள் சக்திட வேட்பாளர் 61, எதிர்த்தரப்பு 54. 48க்கு மேல வந்த அந்த 13 ஆர்ட வோட்டு எண்டு முழுசா ஒருத்தராலயும் நிரூபிக்க ஏலா, நிரூபிக்க ஏலாட்டி ஒழுக்காற்று நடவடிக்கையும் இல்ல.

டிசம்பர் பரீட்சை

தவிசாளர் வந்திட்டார், விசயம் முடிஞ்சு எண்டு நினைக்கக் கூடா. உண்மையான பரீட்சை வருசக் கடைசில பட்ஜெட்டோட. யாழ்ப்பாண மாநகர சபைல 2020ல மேயரா இரிந்த தமிழரசுட ஆர்னோல்ட்ட பட்ஜெட் ரெண்டு தரம் தோத்து மேயர் பதவி போச்சு. டிசம்பர் 30ல நடந்த தெரிவுல மணிவண்ணன் 21, ஆர்னோல்ட் 20. மணிவண்ணன் தன்ட சொந்தக் கட்சித் தலைமையோடயே முரண்பட்டு நிண்டவர், அவருக்கு ஈபிடிபி (ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி) ஆதரவு. ரெண்டு வருசம் கழிச்சு பட்ஜெட்தான் அவரையும் வீட்டுக்கு அனுப்பிச்சு.

இதால ஒரு சபைல கூட்டுச் சேந்திட்டாங்க எண்டு கேள்விப்பட்டா கேக்க வேண்டியது: ஒப்பந்தம் எழுத்துல இரிக்கா? பாதிக் காலம் எண்டா எந்தத் திகதில கைமாறுது? பட்ஜெட்டுக்கு ஆதரவு அதுக்குள்ள அடங்குதா? உப தவிசாளர் ஆருக்கு? எந்த வட்டாரத்து ரோட்டுக்கு எவ்வளவு? வாயால பேசின பாதிக்காலம், முதல் பாதி முடியிற நேரம்தான் ஞாபகமில்லாமப் போறது. எழுதி வெளில விட்ட ஒப்பந்தத்த மீறினவன ஊரே பிடிச்சுக் கேக்கும்.

மாகாண சபை எங்க?

கிழக்கு மாகாண சபைட காலம் 2017 செப்டம்பர் 30ல முடிஞ்சது. அதே வருசம் மாகாணத் தேர்தலையும் கலப்பு முறைக்கு மாத்திச் சட்டம் கொண்டு வந்தாங்க, அதுக்கு எல்லை நிர்ணய அறிக்கை பார்லிமென்ட்டுல பாஸாகணும். 2018 ஆகஸ்ட்ல அது வோட்டுக்கு வந்திச்சு. எதிரா 139, ஆதரவா பூச்சியம். கொண்டு வந்த அமைச்சரே எதிராத்தான் போட்டார். ஒரு விசயத்துல எல்லாக் கட்சித் தலைமையும் ஒத்துப் போன அபூர்வம், அதுவும் தேர்தல் நடக்காம இரிக்கிறதுக்கு. பழைய முறைக்குத் திரும்பிறதா, புதிசா எல்லை பிரிக்கிறதா எண்டு பார்லிமென்ட் முடிவெடுக்காம தேர்தல் வைக்க ஏலா. அது வரைக்கும் கிழக்குக்கு முதலமைச்சரும் இல்ல, நாலு அமைச்சர்மாரும் இல்ல, பேரம் பேசிப் பங்கு வைச்ச அந்த அஞ்சு கதிரைட வேலையையும் கொழும்பு நியமிக்கிற ஆளுநர் ஒராள்தான் பாக்கிறார்.